காதல் மோசடிச் செய்தி போடும் கொழும்புத் தமிழ் ஊடகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்திரிகை ஆசிரியர்களுக்கும், செய்தித்தளம் நடத்துகிறவர்களுக்கும், பேஸ்புக்கில் ஊர்ச் செய்திப் பக்கம் வைத்திருக்கும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

ஒன்லைன் காதல் மோசடி பற்றி நீங்கள் போடும் செய்திகளைப் பற்றித்தான் இந்த மடல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவற்றில் முக்கால்வாசி, மோசடிக்காரனுக்கு நீங்கள் சம்பளமில்லாமல் செய்து கொடுக்கும் வேலை.

கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். அண்மையில் ஒரு செய்திப் பக்கத்தில், வெளிநாட்டுக் காதலனிடம் பல இலட்சம் பறிகொடுத்த பெண் என்று ஒரு செய்தி வந்தது. தலைப்பில் சிரிப்பு இமோஜி. உள்ளே அவருடைய வயது, குடியிருக்கும் வீதி, செய்யும் வேலை, கணவர் இறந்து எத்தனை வருடம் என்பது வரைக்கும் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. பெயர் எதற்கு? வெள்ளவத்தையில் இவ்வளவும் சொன்னால் பின்னேரத்துக்குள் கோயில் வாசல் வரைக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தும் விட்டது. அந்த அக்காவின் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். அடுத்த தடவை பொலிஸிலிருந்து வரச்சொல்லி அழைத்தபோது அவர் போகவில்லை. "வேண்டாம் தங்கச்சி, காசு போனது போகட்டும், இனி அங்கே போய் நிற்க ஏலாது" என்றார். விசாரணை அந்த இடத்தோடு நின்றுபோனது. எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை, அவரை அடையாளம் காட்டாமலிருக்க விவரங்கள் சிலவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் யாரென்றால், ஒரு வங்கியில் கவுண்டரிலும் பிறகு உள்ளேயும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். படிவம் நிரப்ப, கடிதம் எழுத, சிங்களத்தில் முறைப்பாடு எழுத என்று அக்கம்பக்கத்தார் வந்து போவார்கள். இந்தக் காதல் மோசடிச் சோலியோடு வருகிறவர்கள் முதலில் வேறு ஏதாவது கதைப்பார்கள், தண்ணீர் பில், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி என்று. எழும்பிப் போகிற நேரத்தில்தான் விஷயம் வரும்.

சரி, உங்கள் செய்தியில் இல்லாமல்போனது என்ன? அந்த அக்கா காசு போட்டது லண்டனுக்கு இல்லை. இங்கேயே இருக்கிற வங்கிகளில், இந்த நாட்டு ஆட்களின் பெயரிலிருந்த கணக்குகளுக்கு. இலங்கையில் பல வருடமாக ஓடும் பார்சல் மோசடியின் அமைப்பே அதுதான். வெளிநாட்டு டொக்டர், கப்பல் கப்டன், அல்லது எங்கள் ஆட்களுக்கென்றே செய்த மாதிரி ரொறன்ரோவில் மனைவியை இழந்த ஒரு தமிழர், இப்படி யாரோ ஒருவர் மாதக்கணக்கில் கதைப்பார். பிறகு நகையும் போனும் கொஞ்சம் டொலரும் வைத்து ஒரு பார்சல் அனுப்பியதாகப் படம் வரும். அப்புறம் சுங்கத்திலிருந்து பேசுவதாக உள்ளூர்ப் பெண் ஒருத்தி நல்ல மரியாதையாக எடுப்பாள். வரி கட்ட வேண்டுமாம். கட்டினால், உள்ளே வெளிநாட்டுக் காசு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதற்குத் தண்டம். அதையும் கட்டினால் இன்னொன்று, கட்டாவிட்டால் பொலிஸ் வீட்டுக்கு வருமாம். இப்படியான வழக்குகளில் வெளிநாட்டவரோடு சேர்த்து உள்ளூர் ஆட்களும் பிடிபட்டிருக்கிறார்கள், சுங்க அதிகாரியாக நடித்த பெண்கள், கமிஷனுக்குத் தங்கள் கணக்கையும் ஏரிஎம் கார்டையும் இரவல் கொடுத்தவர்கள் எல்லாம். சுங்கத் திணைக்களம் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வரி போடச் சொல்லாது என்ற ஒரே ஒரு வரியை நீங்கள் சேர்த்திருந்தால் அந்தச் செய்தி யாரோ ஒருத்தியைக் காப்பாற்றியிருக்கும். அதற்குப் பதிலாக அவருடைய கணவர் எப்போது செத்தார் என்று போட்டீர்கள்.

இது எங்கள் பக்கத்துப் பெண்களின் பிரத்தியேக முட்டாள்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று. அங்கேயுள்ள மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2022 இல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடி முறைப்பாடு கொடுத்தார்கள், சொன்ன இழப்பு 130 கோடி டொலர். காதலர்கள் சொன்ன பொய்களையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். முதலாவது, 24 சதவீதம், தனக்கோ தன்னுடைய ஆளுக்கோ வருத்தம், காயம் அல்லது சிறை. அதற்கு அடுத்து 18 சதவீதமாக மூன்று பொய்கள் வருகின்றன: முதலீடு செய்யச் சொல்லித் தருகிறேன், தூர தேசத்தில் இராணுவத்தில் இருக்கிறேன், முக்கியமான ஒரு பொதி வருகிறது அதற்கு உதவி செய். எங்கள் பார்சல் கதை அங்கேயும் இருக்கிறது.

உங்கள் கொமெண்ட்களில் அதிகம் வரும் கேள்வி, "முகமே பார்க்காத ஆளுக்கு எப்படி அம்மா காசு போட்டாய்?" என்பது. நாங்களா இதைக் கேட்பது! படத்தைப் பார்த்து, சாதகம் பொருத்தி, போனில் இரண்டு தரம் கதைத்து, மாப்பிள்ளையை நேரில் காணாமலே கனடாவுக்கும் சுவிஸுக்கும் பெண் பிள்ளைகளைப் பிளேன் ஏற்றியவர்கள் நாங்கள். தூரத்திலிருந்து வரும் குரலை நம்பி, பார்சலை நம்பி, உண்டியல்காரன் சொல்லும் இலக்கத்தை நம்பி முப்பது நாற்பது வருடம் குடும்பம் நடத்திய சனம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை, யுத்தமும் இடப்பெயர்வும் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த வாழ்க்கை அது. மோசடிக்காரன் அந்தப் பழக்கத்தைப் படித்து வைத்திருக்கிறான். ரொறன்ரோ மாப்பிள்ளை வேடம் போடுகிறவனுக்கு எங்கள் சமூகம் எப்படி நம்புகிறது என்பது உங்களை விட நன்றாகத் தெரியும்.

வீடியோவில் பார்த்திருக்கலாமே என்றும் கேட்பார்கள். 2024 ஒக்டோபரில் ஹொங்கொங் பொலிஸ் 27 பேரைப் பிடித்தது. கணினியில் செய்த போலி முகத்தோடு வீடியோ கோலில் வந்து அவர்கள் சுருட்டிய தொகை 4 கோடி 60 இலட்சம் அமெரிக்க டொலர் என்று சொன்னார்கள். ஆக, பார்த்தாலும் அதுதான்.

இந்த மோசடி பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன கண்டார்கள் என்று நேரம் எடுத்துப் பாருங்கள். மொனிக்கா விட்டி, டொம் புக்கனன் என்ற இரண்டு பேர் பிரித்தானியாவில் ஒரு கருத்துக்கணிப்பை வைத்து 2012 இல் எழுதினார்கள், அந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 230,000 பேர் இந்த வலையில் விழுந்திருக்கலாம் என்று. முறைப்பாடாக வந்தது அதில் மிகச் சிறிய பங்கு. விட்டி பிறகு செய்த ஓர் ஆய்வில், ஏமாந்தவர்களில் நடுவயதுப் பெண்களும் நன்றாகப் படித்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். படிப்பில்லாத, உலகம் தெரியாத கிழவி என்று நீங்கள் வரைந்து வைத்திருக்கும் படம் அங்கேயே கிழிகிறது. என்னிடம் வந்தவர்களைப் பார்த்தால் எனக்கும் அது புதினமில்லை. ஒன்லைன் பாங்கிங் தெரிந்தவருக்குத்தானே இருந்த இடத்திலிருந்து காசு அனுப்பத் தெரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்கள் இருவரும் 2016 இல் வெளியிட்டது. ஏமாந்த இருபது பேரோடு உட்கார்ந்து நீளமாகக் கதைத்திருக்கிறார்கள். அடி இரட்டை அடி என்கிறார்கள், காசு ஒன்று, அந்த உறவு இன்னொன்று. பலருக்கு உறவு போனதுதான் காசு போனதை விடப் பெரிய வலி. ஒவ்வொரு காலையும் "சாப்பிட்டாயா" என்று கேட்ட ஒருவர் இல்லாமல்போவது மட்டும் இல்லை, அப்படி ஒருவர் எப்போதுமே இருக்கவில்லை என்று தெரிய வருகிறது. செத்த வீடு என்றால் சனம் வரும், சோறு வரும், எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று துக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இவருக்கு என்ன இருக்கிறது? வீட்டுக்காரரே திட்டுகிறார்கள். அந்த ஆய்விலும் அதுதான் வருகிறது, குடும்பமும் சிநேகிதர்களும் தாங்கிப் பிடிக்கவில்லை, கோபப்பட்டார்கள், வெட்கப்பட வைத்தார்கள். ஏமாந்தவர்களில் சிலர் இது மோசடி என்பதையே ஏற்க மறுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நிலையில் இருக்கிறவர்தான் திரும்பவும் விழுவார்.

ஒஸ்ரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா குரோஸ் என்ற ஆய்வாளர் இருக்கிறார். இணைய மோசடியில் அகப்பட்டவர்களைச் சமூகம் எப்படிக் குற்றம் சாட்டுகிறது, எப்படிப் பகிடி பண்ணுகிறது என்பதைப் பல வருடமாக எழுதி வருகிறவர். 2018 இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு அவர் செய்த வேலை முக்கியமானது: காதல் மோசடியில் அகப்பட்டவர்கள் சொன்னதை, வீட்டு வன்முறையில் உளவியல் ரீதியாக ஒருவரை எப்படி அடக்கி வைக்கிறார்கள் என்ற ஆராய்ச்சியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுப்பது, எந்த நேரமும் கண்காணிப்பது, தன்னைப் பற்றியே சந்தேகப்பட வைப்பது, அன்பைக் கொடுத்துப் பிறகு பிடுங்குவது என்று இரண்டிலும் ஒரே முறைகள்தான். அந்த அக்காவிடமும் இதைக் கண்டேன். "தம்பியிடம் சொல்லாதே, அவன் நீ சந்தோசமாக இருப்பதை விரும்பமாட்டான்" என்று அந்த ஆள் எழுதியிருந்தான். வங்கியில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தான், உறவுக்காரரின் ஒப்பரேஷனுக்கு என்று சொல்லச் சொல்லி. கவுண்டரில் இருந்த காலத்தில் இந்தப் பதில்களை நானும் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தடங்கலில்லாமல் சொல்வார்கள், பாடமாக்கியது மாதிரி. புருஷன் அடித்தான் என்று வரும் பெண்ணிடம் "நீ ஏன் அவனோடு இருந்தாய்" என்று கேட்டு இப்போது நீங்கள் தலைப்புப் போடமாட்டீர்கள், குறைந்தது பெரிய பத்திரிகைகள் போடாது. இதற்கு மட்டும் போடுகிறீர்கள்.

குரோஸ் எழுதியவற்றில் மேற்கு ஒஸ்ரேலியாவின் முயற்சி ஒன்றும் வருகிறது. 2013 இல் தொடங்கியது. மேற்கு ஆபிரிக்க நாடுகளுக்குத் திரும்பத் திரும்பக் காசு அனுப்புகிறவர்கள் யாரென்று அதிகாரிகள் பார்த்து, முறைப்பாடு வரும்வரை காத்திருக்காமல், தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார்கள்: நீங்கள் மோசடியில் அகப்பட்டிருக்கலாம், எங்களோடு கதையுங்கள். குற்றம் சொல்லாத, வெறும் கடிதம். அதற்குப் பிறகு நிறையப் பேர் அனுப்புவதை நிறுத்தினார்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

இனி உங்கள் கொமெண்ட் பெட்டிக்கு வருகிறேன். சிரிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குள்ளே, "நானும் இப்படி ஏமாந்தேன், இன்ன ஆளைத் தொடர்பு கொண்டேன், காசை மீட்டுத் தந்தார்" என்று ஒரு வட்ஸ்அப் இலக்கத்தோடு வருகிற கொமெண்ட்களைக் கவனித்திருக்கிறீர்களா? அது அடுத்த மோசடி. காசைத் திருப்பி எடுத்துத் தருகிறேன் என்று முற்பணம் வாங்குகிறவர்கள், ஒரு தடவை அடிபட்டவர்களைத்தான் தேடி வருவார்கள். விட்டி இந்த மோசடியைப் படிப்படியாக வகுத்தபோது கடைசிப் படியாக வைத்ததே மறுபடி ஏமாற்றப்படுவதைத்தான். அந்தக் கொமெண்ட் அழியாமல் உங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கிறது, வாசிக்கிறவர் அதே நிலையில் இருக்கும் இன்னொருவர்.

இன்னொன்று எனக்கு விளங்குவதேயில்லை. தாய்லாந்தில் ஐரி வேலை என்று நம்பிப் போய், மியன்மாரில் மியாவடிப் பக்கத்து மோசடி முகாம்களில் அடைபட்ட எங்கள் நாட்டுப் பொடியன்களைப் பற்றி நீங்கள் உருக்கமாக எழுதினீர்கள், நல்ல விஷயம். அடியும் மின்சார அதிர்ச்சியும் வாங்கிக்கொண்டு அந்தப் பொடியன்கள் இரவிரவாகச் செய்த வேலை என்ன? பெண் படம், ஆண் படம் போட்டு உலகம் முழுக்கத் தனியாக இருக்கிறவர்களோடு காதல் கதைத்து முதலீடு செய்ய வைப்பது. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஓகஸ்டில் சொன்ன கணக்குப்படி மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு இலட்சம் பேரும் இப்படிக் கட்டாயத்தில் வேலை செய்திருக்கலாம். முன்பக்கத்தில் அவர்களுக்கு அனுதாபம், ஆறாம் பக்கத்தில் அவர்கள் எழுதிய மெசேஜுக்குப் பதில் போட்ட அக்காவுக்கு நக்கல். இரண்டும் ஒரே செய்தி ஐயா.

அந்தத் தொழில் இங்கேயும் வந்து இறங்கிவிட்டது. 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்புப் பக்கம் பல இந்தியர்கள் பிடிபட்டார்கள், அதே வருடம் ஒக்டோபரில் குண்டசாலையில் ஒரு சொகுசு ஹோட்டலில் நூற்றுக்கு மேற்பட்ட சீனர்கள். கைப்பற்றிய போன் எத்தனை, லப்டொப் எத்தனை என்று எல்லோரும் போட்டீர்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் யார், வழக்கு என்னவாயிற்று, எத்தனை பேரை வெறுமனே நாடு கடத்தினார்கள் என்று பின்தொடர்ந்து போன ஒரு செய்தியை நான் வாசிக்கவில்லை. நிருபர் வேலை அங்கேதான் இருக்கிறது.

காசு போகும் வழியையும் கேளுங்கள். இன்றைக்கு ஒரு அப்பில் அழுத்தினால் அடுத்த வங்கிக் கணக்குக்குச் செக்கனில் காசு போய்விடும், போய்ச் சேர்ந்த கையோடு ஏரிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால் முதல் சில மணித்தியாலம்தான் உயிர்நாடி. அந்த நேரத்தில் தன் வங்கிக்குப் போன் எடுக்காமல் வெட்கத்தில் அறைக்குள் கிடப்பவருக்குக் காசு கிடைக்காது, அவரை அறைக்குள் போட்டதில் உங்கள் தலைப்புகளுக்கும் பங்கு உண்டு. மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்குச் சந்தேகமான கொடுக்கல் வாங்கலை நிறுத்தி வைக்கச் சொல்லும் அதிகாரம் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் காதல் மோசடிக்கு எத்தனை தரம் பாவித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கமிஷனுக்குக் கணக்கை இரவல் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு வழக்கு? 2007 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் ஒன்லைனில் ஏமாற்றுவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் குற்றம். அந்தச் சட்டம் பேச்சுரிமையை என்ன செய்யும் என்று எழுதித் தள்ளினீர்கள், எழுதத்தான் வேண்டும், ஆனால் இந்தப் பகுதியை யாராவது பாவிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 இலிருந்து, ஏமாற்றப்பட்டுத் தானாகவே காசை அனுப்பியவருக்கும் 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி. வாங்கிய வங்கிக்கும் வலித்தால்தான் யாருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தோம் என்று பார்ப்பார்கள், இது வங்கியில் இருந்தவள் சொல்வது. சிங்கப்பூர் 2025 இல் இன்னும் ஒரு படி போய், மோசடி என்று எவ்வளவு சொல்லியும் நம்பாதவரின் கணக்கிலிருந்து காசு போகாமல் கொஞ்ச நாளைக்குப் பொலிஸே தடுக்கலாம் என்று சட்டம் கொண்டு வந்தது. எங்கள் பொலிஸ் கையில் அப்படி ஒரு அதிகாரத்தைக் கொடுக்க எனக்குத் தயக்கம்தான். என்றாலும் விவாதிக்க வேண்டிய விஷயம், தமிழில் யார் விவாதிக்கிறீர்கள்?

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் செய்திகளில் ஏமாறுவது எப்போதும் பெண். ஆண்களும் விழுகிறார்கள், முதலீட்டுக் கதையிலும், உடுப்பில்லாத வீடியோவை வைத்து மிரட்டிக் காசு பறிப்பதிலும். அவர்கள் என்னிடமும் வரமாட்டார்கள், மனைவிமார்தான் வருவார்கள், கடன்காரன் வீட்டுக்கு வந்த பிறகு.

இனி நான் கேட்பது. வயது, ஊர், வேலை மூன்றையும் ஒரே செய்தியில் போடாதீர்கள். எந்த வழியில் காசு போனது, எந்தப் பொய்யில் தொடங்கியது என்பதை விவரமாகப் போடுங்கள், அதற்கு எத்தனை பந்தி போனாலும் பரவாயில்லை. முறைப்பாட்டோடு ஏமாந்தவர்கள் கொடுத்த வட்ஸ்அப் உரையாடல் எங்கிருந்தோ உங்கள் கைக்கு வந்தால் அதைப் படமாகப் போடுவது செய்தி இல்லை. செய்தியின் அடியில் உடனே தன் வங்கிக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும், இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவின் தொலைபேசி இலக்கம் 101 ஐயும், மனம் உடைந்தவர்கள் எடுத்துக் கதைக்க 1926 ஐயும் நிரந்தரமாக வையுங்கள். இந்த வகைச் செய்திக்குக் கொமெண்டை மூடிவிடுங்கள், லைக் குறையும், குறையட்டும்.

தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தயார் என்று இரண்டு பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். படம் இல்லை, குரல் பதிவு இல்லை, வெளியிடுமுன் அவர்கள் வாசித்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதமான நிருபர் யாராவது இருந்தால் பொதுவில் எழுதாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். சிங்களத்திலுள்ள ஆவணங்களை மொழிபெயர்த்துத் தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி